மலிவுத் துப்பாக்கியை நம்பலாமா? தண்டையார்பேட்டையிலிருந்து சில பதில்கள்

ராணுவத்தில் 17 வருஷம் ஆர்மரராக இருந்தேன். துப்பாக்கி சுடுகிற வேலை இல்லை, சுட்டுவிட்டு வந்தவன் "மாட்டிக்கிச்சு" என்று நீட்டுவதை வாங்கிப் பிரித்துப் பார்க்கிற வேலை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன், ஒரு தனியார் காவல் நிறுவனத்தில் கன்மேன்களின் ஆயுதங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வண்ணாரப்பேட்டை அடகுக்கடைக்காரரிலிருந்து காசிமேட்டில் விடிகாலை ஏலம் முடிந்து பணத்தோடு வீட்டுக்குப் போகிறவர் வரை, அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற அம்மா வரை, ஆளாளுக்கு ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு மாதிரி கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நேராகச் சொல்லுங்க சார், விலை கம்மியான கைத்துப்பாக்கி தற்காப்புக்கு ஆகுமா, ஆகாதா?

அமெரிக்காவில் என்றால் பல நேரம் ஆகும், சோதித்துப் பார்த்தால். நம்ம ஊரில் "விலை கம்மி" என்று உங்கள் காதுக்கு வருகிற பொருள் பெரும்பாலும் கள்ளத் துப்பாக்கி, அது ஆகவே ஆகாது. இரண்டும் வேறு வேறு கதை, ஒன்றுக்குச் சொன்ன பதிலை இன்னொன்றுக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள். யூடியூபில் அங்கே ஒருத்தர் 200 டாலர் பிஸ்டலைச் சேற்றில் முக்கிச் சுடுவதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து என்னிடம் பேசுகிறவர்கள் அதிகம்.

அங்கே மலிவு என்றால் எவ்வளவு? எங்கே காசை மிச்சம் பிடிக்கிறார்கள்?

பேர் போன பிஸ்டல் கம்பெனியான குளாக்கினுடையது புதுசாக ஒன்று 500 டாலரைத் தாண்டும். 200லிருந்து 350 டாலருக்குள் வருவதை அங்கே மலிவு என்பார்கள். ஒஹாயோவின் ஹை-பாயின்ட், பிரேசிலின் டாரஸ் மாதிரி பெயர்கள் இந்த வரிசையில் அடிபடும். துருக்கியின் கானிக் இதற்குக் கொஞ்சம் மேலே.

மிச்சம் பிடிக்கிற இடங்கள் எப்போதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளிப்புறப் பூச்சு, குறிபார்க்கிற சைட், டிரிகரின் வழவழப்பு, தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற மேகசின்கள் எத்தனை கூடக் கொடுக்கிறார்கள் என்பது, கடைசியாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வருமுன் செய்கிற பரிசோதனை. முதல் மூன்றிலும் குறை இருந்தால் உங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான், துப்பாக்கி சுடும். கடைசி இரண்டில்தான் உயிர் இருக்கிறது. பரிசோதனை குறைந்தால் ஒரே மாடலில் ஒன்று தங்கமாக இருக்கும், அடுத்தது தகரமாக இருக்கும். கடையில் வாங்கும்போது உங்கள் கைக்கு வந்தது எது என்று பார்த்தால் தெரியாது.

மேகசினைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் யாரும் பேசுவதில்லை. பிஸ்டல் மாட்டிக்கொள்கிறது என்று என்னிடம் வந்தவற்றில் நான் முதலில் பார்க்கிறது மேகசினைத்தான். அது தகரத்தை மடித்துச் செய்த பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங், மேலே தோட்டாவைப் பிடித்துக்கொள்கிற இரண்டு உதடுகள். அந்த உதடு லேசாக வளைந்தாலே அடுத்த தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டோ கவிழ்ந்துகொண்டோ வரும், சேம்பருக்குள், அதாவது குழலின் பின்வாயில் தோட்டா உட்காருகிற இடத்துக்குள், போகாமல் முட்டி நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்தால், சுடும்போது பின்னால் போய்த் திரும்புகிற மேல்பாகமான ஸ்லைடு திரும்பி வரும் நேரத்துக்குத் தோட்டா மேலே ஏறி நிற்காது, வெறும் சேம்பர் மூடிக்கொள்ளும். துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று புலம்புகிறவன் பாதி நேரம் மேகசினை மாற்றினால் போதும். மலிவு பிஸ்டல் வாங்குகிறவர் மேகசினில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது, அதே கம்பெனியுடையதாக இரண்டு கூடுதலாக வாங்கி, மூன்றுக்கும் அடியில் நம்பர் எழுதி வைத்தால் எது தகராறு பண்ணுகிறது என்று பிடித்துவிடலாம்.

ஹை-பாயின்ட்டை எல்லோரும் கிண்டல் பண்றாங்களே, உண்மையில் மோசமா?

அழகு இல்லை, கனம் அதிகம், அதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண 9 எம்.எம். (குண்டின் விட்டம்) பிஸ்டலில் சுட்ட கணத்தில் பேரல் என்கிற குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போய், அழுத்தம் குறைந்த பிறகுதான் பிரியும். அந்தப் பூட்டு ஏற்பாட்டைச் செதுக்கச் செலவாகும். ஹை-பாயின்ட்டில் பூட்டே கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் அந்த நொடிப்பொழுது தாங்கிப் பிடிக்கின்றன. அதனால் ஸ்லைடு செங்கல் மாதிரி பெரிதாக இருந்தாக வேண்டும். அதையும் எஃகில் கடையாமல் துத்தநாகக் கலவையில் வார்க்கிறார்கள். சி9 மாடல் 8 தோட்டா, எடை 800 கிராமுக்கு மேல். குளாக் 19 மேகசின் இல்லாமல் 600 கிராம்தான், அதில் 15 தோட்டா.

இடுப்பில் செருகிக்கொண்டு அலையச் சரிப்படாது. வீட்டில் பூட்டிய பெட்டியில் வைத்திருக்க, கையில் காசில்லாதவனுக்கு ஆகும். எத்தனை கை மாறினாலும் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று கம்பெனி சொல்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்தால் கிண்டல் கொஞ்சம் அதிகம்தான் என்பது என் கட்சி.

அப்புறம் மலிவுத் துப்பாக்கிக்கு இவ்வளவு கெட்ட பெயர் எப்படி வந்தது?

1968இல் அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்து, வெளிநாட்டிலிருந்து வரும் சின்னச் சின்ன மட்டமான கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. இறக்குமதிக்குத்தான் தடை, உள்நாட்டில் செய்ய இல்லை. விடுவார்களா? லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. 1970இல் தொடங்கிய ரேவன் கம்பெனியின் எம்.பி.-25 அதில் பேர் போனது, உள்ளங்கையில் அடங்கும், பாயின்ட் 25 தோட்டா (குண்டின் விட்டம் கால் அங்குலம்), உடம்பு முழுக்கத் துத்தநாக வார்ப்பு. இந்த ரகத்துக்கு 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்று பட்டப்பெயர். துத்தநாகக் கலவை 385 டிகிரி சென்டிகிரேடு வாக்கிலேயே உருகிவிடும், அதை வைத்தே இல்லினாய் மாதிரி சில மாநிலங்கள், 800 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே உருகுகிற உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கியை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டன. துப்பாக்கியை யாரும் அடுப்பில் வைக்கப் போவதில்லை, மட்டமான பொருளைப் பிடிக்க அது ஒரு அளவுகோல், அவ்வளவே.

இந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். துப்பாக்கிகள் மட்டும் மேசை டிராயர்களில் இன்னும் கிடக்கின்றன. பழையது சல்லிசாகக் கிடைத்தது என்று அங்கே யாராவது சொந்தக்காரர் பெருமையாகக் காட்டினால் தோட்டாவை எடுத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கால டிசைன்களில் பலவும் கீழே விழுந்தால் வெடிக்காது என்று சொல்ல முடியாதவை.

காசு கொட்டிக் கொடுத்தால் இந்தத் தலைவலி இல்லை, சரிதானே?

சரியில்லை. 2017 ஜனவரியில் சிக் சாவர் கம்பெனியின் பி320ஐ அமெரிக்க ராணுவம் தன் அடுத்த பிஸ்டலாகத் தேர்ந்தெடுத்தது. அதே வருஷம் ஆகஸ்டில், கடையில் விற்ற பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் தானாகச் சுடலாம் என்று தெரிய வந்து, வாங்கினவர்களுக்கு இலவசமாக டிரிகர் பாகங்களை மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே அறிவித்தது. மலிவு ரகம் அல்ல அது.

மலிவுப் பக்கமும் அதே கதை உண்டு. டாரஸின் 9 பழைய மாடல்கள், ஏறக்குறைய 10 லட்சம் பிஸ்டல்கள், விழுந்தால் சுடும் என்று வழக்குப் போட்டு 2015இல் சமரசத்துக்கு வந்தார்கள். தவறு இல்லை என்று கம்பெனி மறுத்துக்கொண்டேதான் சமரசம் செய்தது. இப்போது வருகிற டாரஸ் ஜி3சி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் விலைச்சீட்டை விட மாடல் பெயரும் வரிசை எண்ணும் முக்கியம், வாங்குமுன் கம்பெனி திரும்பப் பெற்ற பட்டியலில் எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா?

என் கையில் இருப்பது நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுட்டுத்தான். வேறு வழி இருந்தால் ராணுவத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

எந்தத் தோட்டாவை ஆபத்துக்கு என்று போட்டு வைக்கப் போகிறீர்களோ அதே தோட்டாவில் குறைந்தது 200 சுட வேண்டும். பயிற்சிக்கு வாங்குகிற மூக்கு உருண்ட தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், தற்காப்புக்கான தோட்டாவின் மூக்கு குழிந்திருக்கும், அது சில பிஸ்டல்களில் ஏறும் வழியில் இடிக்கும். மலிவு பிஸ்டலில் இந்தத் தகராறு கொஞ்சம் அதிகம். ஒரு தோட்டா ஒரு டாலர் என்று வைத்தால் 200 டாலர், ஆக சோதனைச் செலவே துப்பாக்கி விலைக்கு வந்து நிற்கிறது. இங்கேதான் பலர் நழுவுகிறார்கள். காசில்லை என்றுதானே மலிவாக வாங்கினான், திரும்ப அதே காசைச் செலவு பண்ணு என்றால் எங்கே போவான்? இரண்டு மேகசின் சுட்டுப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று டிராயரில் போட்டுவிடுகிறான். நம்பகம் இல்லாமல் போவது அங்கே, விலையில் இல்லை.

டெக்சாஸில் என் தங்கை மகன் ஒன்று வாங்கினான், கம்பெனி பெயர் வேண்டாம். முதல் 50இல் நாலு தடவை மாட்டியது, சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி வெளியே போகாமல் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றுவிட்டது. வீடியோ அனுப்பினான். பார்த்தால் பயல் மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிக்கிறான், பின்னுதைப்பு முழுவதும் கை வழியாகப் போய்விடுகிறது, ஸ்லைடு முழுசாகப் பின்னால் வரவில்லை. கெட்டியாகப் பிடிடா, ஸ்லைடு ஓடும் தடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடு என்றேன். அடுத்த 150இல் ஒரே ஒரு தடவைதான் மாட்டியது. அதுவும் ஒரே மேகசினில். தூக்கிப் போடு என்றேன், மேகசினை.

200இல் ஒன்றோ இரண்டோ மாட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காரணம் தெரிந்து சரிபண்ணியாகிவிட்டதென்றால் எண்ணிக்கையை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பியுங்கள். காரணமே பிடிபடவில்லை என்றால் விற்றுவிடுங்கள்.

ரிவால்வரா பிஸ்டலா?

மலிவு விலையில் புது பிஸ்டலா பழைய நல்ல ரிவால்வரா என்றால், நான் ரிவால்வர் பக்கம். தோட்டா வெடிக்கவில்லையா, டிரிகரை மறுபடி இழு, உருளை சுற்றி அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து விட வேண்டும், பயந்து நடுங்குகிற கைக்கு அது வராது. அங்கே போலீஸ் துறைகள் புது ஆயுதத்துக்கு மாறும்போது பழையதைக் கடைகளுக்குத் தள்ளிவிடும். உறையில் தேய்ந்து வெளுத்திருக்கும், சுட்டது கம்மியாக இருக்கும். மலிவிலேயே நல்ல மலிவு அதுதான்.

என் மகன் ஹெச்1பி விசாவில் இருக்கான். பாதுகாப்புக்கு ஒண்ணு வாங்கிக்கோன்னு சொல்லலாமா?

வேண்டாம் அம்மா. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்த பிறகு வாங்கலாம். வேலை விசாவில், மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு என்று ஒரு சந்து இருக்கிறது, அதையும் வக்கீலைக் கேட்காமல் தொடக் கூடாது. மாட்டினால் விசா போய்விடும்.

இன்னொன்று. சுடும் இடத்துக்கு விளையாட்டாகப் போய்வந்த பையைத் துவைக்காமல் அப்படியே ஊருக்குக் கொண்டுவருவார்கள், ஓரத்தில் ஒரு தோட்டா கிடக்கும். நம் விமான நிலைய ஸ்கேனரில் அது பளிச்சென்று தெரியும். துப்பாக்கியே இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவுக்கு ஆயுதச் சட்டத்தில் வழக்கு விழும். தெரியாமல் இருந்தது என்று உயர் நீதிமன்றம் வரை போய் வெளியே வந்தவர்கள் உண்டு, ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் தூக்கமும் போன இடம் தெரியாது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டு வரச் சொல்லுங்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே சட்டப்படி கிடைக்கிறதில் மலிவானது எது?

முதலில் ஒரு விஷயம். 9 எம்.எம். சாதாரண ஆளுக்கு இங்கே தடை செய்யப்பட்ட ரகம், அதனால் அமெரிக்க வீடியோவில் பார்க்கிற முக்கால்வாசி இங்கே கனவில்தான். பாயின்ட் 32, பாயின்ட் 22, இவைதான் கைக்கு எட்டும். பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளில் செய்தது. 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனியாகப் பிரித்தார்கள், சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போயின, நம் திருச்சித் தொழிற்சாலையும் அதில்தான் சேர்ந்தது.

2014இல் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்று ஒரு பாயின்ட் 32 ரிவால்வர் வந்தது. பெண்களுக்கென்று சொல்லி விற்றார்கள், அரை கிலோ எடை, விலை 1 லட்சத்து 22 ஆயிரம். எந்தப் பெண்ணுக்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். கொருக்குப்பேட்டையில் ஏற்றுமதி கம்பெனிக்குத் தைக்கப் போகிற பெண்ணுக்கு அது எத்தனை மாசச் சம்பளம்? பிறகு ஈஷாப்பூரிலிருந்து 'நிடர்' என்று பாயின்ட் 22 ரிவால்வர், 250 கிராம், வந்தபோது 35 ஆயிரம் வாக்கில். சட்டப்படி வருகிறதில் மலிவு என்றால் இந்த மாதிரிதான்.

நம்பகம் எப்படி என்றால், ரிவால்வர் என்பதால் பிழைத்தது. பாயின்ட் 22 தோட்டாவில் வெடிமருந்தைத் தட்டி எழுப்புகிற ரசாயனம் அடித்தட்டின் ஓரத்தில் சுற்றிலும் இருக்கும், ஒரு இடத்தில் பரவாமல் விட்டிருந்தால் அங்கே அடிக்கிற ஊசி படும்போது சத்தமே வராது. அது வெடிக்காமல் போகும் வாய்ப்பு நடுவில் அடிபடும் தோட்டாவை விட அதிகம். வலுவும் குறைவு. மறுபக்கம், 200 தோட்டா சுட்டுப் பார் என்று மேலே சொன்னேனே, அது இங்கே சுலபமில்லை. வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்தில் எழுதித்தான் தருவார்கள். சோதிக்கவே தோட்டா பத்தாத ஊரில் நம்பகத்தை எதை வைத்து அளப்பது?

வடநாட்டிலேர்ந்து ஒருத்தன் சல்லிசா கொண்டு வரேன்றான்ணா...

இதைக் கேட்டது வியாசர்பாடிப் பையன், 22 வயசு இருக்கும், தெருச் சண்டையில் யாரோ மிரட்டியிருக்கிறார்கள். உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன்.

பீகாரில் முங்கேர் என்று ஒரு ஊர். 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் அங்கே தலைநகரை மாற்றிக்கொண்டு துப்பாக்கிப் பட்டறை போட்டார், அந்தக் கைத்தொழில் இன்றும் இருக்கிறது. உரிமம் பெற்ற பட்டறைகளும் இருக்கின்றன, கள்ளப் பட்டறைகளும் இருக்கின்றன. கள்ளமாக வருவதில் கட்டா என்கிற ஒற்றைத் தோட்டா துப்பாக்கியைப் பற்றி ஆர்மரராகச் சொல்கிறேன், அது துப்பாக்கி வேஷம் போட்ட குழாய். துப்பாக்கி பேரலுக்கான எஃகு, தோட்டா வெடிக்கும்போது வரும் அழுத்தத்தைத் தாங்கும்படி தயாரித்து, அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் வெடித்துப் பார்த்து, முத்திரை குத்தி வெளியே வரும். இதில் எந்தச் சோதனையும் கிடையாது. உள்ளே குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளம் கிடையாது, பத்தடிக்கு அப்பால் எங்கே போகும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது. ரைபிள் தோட்டாவைக் கூட அதில் போட்டுச் சுடுகிறார்கள், குழாய் பிளந்தால் முதலில் போவது பிடித்திருக்கிறவன் விரல், அடுத்தது கண். அப்படி இரண்டு விரல் இல்லாத ஒருவரை ராணுவ ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன், லீவில் ஊருக்குப் போனபோது யார் கல்யாணத்திலோ வாங்கிச் சுட்டாராம்.

சட்டம் வேறு இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை போகும், 2019 திருத்தத்தில் கூட்டினார்கள். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7லிருந்து 14 வருஷம். உன்னை மிரட்டினவன் வெளியே சுற்றிக்கொண்டிருப்பான், நீ புழலில் இருப்பாய் என்றேன். பையன் சிரித்தான். புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன்.

லைசன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்கும். 21 வயசு ஆகியிருக்க வேண்டும், மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனரும் மற்ற இடங்களில் கலெக்டரும் கொடுப்பார்கள், விண்ணப்பம், விசாரணை, கையாளத் தெரியும் என்ற பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. எனக்கு ஆபத்து இருக்கிறது என்று வாயால் சொன்னால் பத்தாது, காட்ட வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஆயுதம், உரிமம் 5 வருஷத்துக்கு.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கைக்கு வரும். சௌகார்பேட்டை நகைக்கடைக்காரர் ஒருவர், "ஊரே பணத்தோட சுத்துற நேரத்துல என் துப்பாக்கி ஸ்டேஷன்ல தூங்குது" என்று அலுத்துக்கொண்டார்.

கடல் காற்றுக்குத் துரு பிடிக்குமா?

பிடிக்குமாவா! எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்கு வருஷம் ஒரு பெயின்ட். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை உப்புக் காற்று, எஃகு எதையும் விடாது. தோல் உறையில் போட்டு பீரோவில் வைப்பதுதான் பெரிய தப்பு, தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக எஃகுக்கு ஊட்டும். உறையிலிருந்து எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தனியாகப் பூட்டி வையுங்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை.

ஒரு இடத்தில் கன்மேன் ஒருவரின் இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சோதிக்கப் போனேன், எந்த இடம் என்று கேட்காதீர்கள். தோட்டாவை உள்ளே போடுங்கள் என்றேன். போகவில்லை. வருஷக்கணக்காக அதே ஆறு தோட்டாவை இடுப்புப் பெல்ட்டிலேயே வைத்து, வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து பித்தளை அடி பச்சை பூத்துப்போய், சேம்பர் வாயிலேயே சிக்கி நின்றது. மனுஷன் தினமும் அதோடுதான் பணத்துக்குக் காவல் நின்றிருக்கிறார். துப்பாக்கி என்னவோ நல்ல துப்பாக்கி, விலை கூடினது.

ஒருத்தன் கத்தியோட வர்றான். துப்பாக்கி இருந்தா தப்பிச்சிடலாமா?

1983இல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கு எழுதினார். கத்தி வைத்திருக்கிறவன் 21 அடியை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான், பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து உருவிச் சுட அதே நேரம் ஆகும். உங்கள் சந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து பாருங்கள், எங்கள் பக்கம் பல சந்தில் எதிர் வீட்டு வாசற்படி பத்தடி கூட இல்லை. சுட்டாலும் குண்டு அவனைத் தாண்டி யார் வீட்டுச் சமையலறைக்குப் போகும் என்பது இன்னொரு கேள்வி, நம் பக்கம் சுவருக்குச் சுவர் ஒட்டித்தான் வீடு.

உயிருக்குப் பயந்து சுட்டால் கேஸ் ஆகுமா?

கேஸ் ஆகும், பிறகு நீங்கள் தற்காப்பு என்று காட்ட வேண்டும். 2024 ஜூலை 1லிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன, பழைய இ.பி.கோ.வில் 96 முதல் 106. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு மாதிரி நியாயமான பயம் இருந்தால் எதிராளி உயிர் போனாலும் உரிமை உண்டு. தேவைக்கு மிஞ்சி அடிக்க உரிமை இல்லை, ஓடுகிறவன் முதுகில் சுட உரிமை தேடாதீர்கள். போலீஸை அணுக நேரம் இருந்தது என்றாலும் அந்த உரிமை அடிபட்டுப் போகும். கள்ளத் துப்பாக்கியில் சுட்டிருந்தால் தற்காப்பு நிரூபணமானாலும் ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும்.

ஏர் பிஸ்டல், பெப்பர் ஸ்ப்ரே?

குழல் பாயின்ட் 177 அளவுக்கும், குண்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம். அது இலக்குப் பலகைக்கு. நிஜத் துப்பாக்கி மாதிரி காட்டி மிரட்டினால் எதிராளியிடம் நிஜம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பெப்பர் ஸ்ப்ரே எனக்குப் பிடிக்கும், சில நூறு ரூபாய்தான், உரிமம் வேண்டாம். ஆறேழு அடிக்குள் கண்ணைப் பார்த்து அடிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் காற்றுக்கு எதிரே நின்று அடித்தால் உங்கள் முகத்துக்கே திரும்பும், என் மனைவி ஒரு தடவை மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்து எங்கள் இரண்டு பேருக்கும் இரவுச் சாப்பாடு இல்லாமல் போனது. தேதி முடிந்த டப்பா அழுத்தம் இல்லாமல் சொட்டும், வருஷம் ஒன்று மாற்றுங்கள். போனில் 112, காவல் உதவி ஆப், இரண்டையும் இருட்டில் கை தடவி எடுக்கிற மாதிரி வைத்திருங்கள். பணம் எடுத்துப் போகிறவர்கள் தினமும் ஒரே நேரம் ஒரே வழி போகாமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும், காசிமேட்டு ஆட்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்பா போன மாசம் காலமாயிட்டார். பீரோவில் அவர் ரிவால்வர் இருக்கு, லைசன்ஸ் அவர் பேர்ல. என்ன பண்றது?

உரிமம் அவரோடு முடிந்தது, இப்போது அது உங்கள் வீட்டில் இருப்பதே தப்பு. தாமதம் பண்ணாதீர்கள். வாரிசாக உங்கள் பெயருக்கு உரிமம் கேட்கலாம், கிடைக்கும்வரை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும். தோட்டாக்களையும் எண்ணி ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பழைய வெளிநாட்டு ரிவால்வராக இருந்தால் லட்சக்கணக்கில் விலை போகும், எண்பதுகளின் நடுவிலிருந்து இறக்குமதிக்குத் தடை என்பதால். அதைக் கேள்விப்பட்டு தரகர்கள் வருவார்கள், உள்ளே விடாதீர்கள்.

நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம், டிரிகர் பக்கம் விரல் போகவே வேண்டாம். துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, அப்பா பெயரும் உரிம எண்ணும் சொல்லி, எப்படிக் கொண்டு வரட்டும் என்று கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் நகல் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.